அந்தப் பக்கம் போ

கடையில் மூன்று பேர்: நான், மணப்பெண்ணின் அப்பா, கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர். வேறு யாருமில்லை.

பட்டாபிராமில் கல்யாண ஆல்பம் போடும் கடை என்னுடையது. ஆல்பம் சாஃப்ட்வேரின் ஃபோல்டரில் இந்தக் கல்யாணத்தின் நானூற்றுப் பன்னிரண்டு படங்கள் வைத்திருந்தேன். காலையில் பார்த்தால் காலி. கேமரா கார்டை ஏற்கெனவே அழித்துவிட்டேன். மறுநாள் பெண் துபாய் போகிறாள்.

வந்தவர் ஒல்லி, நரைத்த தாடி. எதைத் தட்டும் முன்பும் கண்ணை மூடிக்கொள்வார். எதிரே ஸ்டேஷனில் ஒரு ரயில் வந்து, நின்று, போனது. அவர் கண் திறக்கவில்லை. கடையே மிதப்பது போல இருந்தது.

"தூங்குறாரா இவரு?" என்றார் பெண்ணின் அப்பா.

"பாத்துகினுதான் கீறேன், நைனா" என்றவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாத்தே, எடம் பத்தலன்னு படத்தெல்லாம் வேற டிஸ்குல போட்டு, இங்க 'அந்தப் பக்கம் போ'ன்னு லிங்க் வெச்சியா?"

"மச்சான் வெச்சான்."

"அப்டேட் வந்து லிங்க தூக்கிட்டு, அதே பேர்ல காலி ஃபோல்டர் வெச்சிகீது. படம் அங்கயேதான் கீது. புதுசா எறங்குற அப்டேட்டு, இங்க ஒருத்தன் இன்னாத்துக்கு இப்டி வெச்சான்னு பாக்கணும். புரியலயா, கைய வெக்காம கேக்கணும்."

மறுபடி கண்ணை மூடினார். பழைய லிங்க்கைத் திரும்ப வைக்க ஒரு வரி அடித்தார். மூடிய கண்ணுக்குள் அவர் எதைப் பார்த்தாரோ, இன்றும் எனக்குத் தெரியாது.

ஃபோல்டரைத் திறந்ததும் திரையின் அடியில் படங்களின் எண்ணிக்கை வந்தது. பெண்ணின் அப்பா எழுந்து நின்று படித்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு.