அக்கா பெயரில் கொடுத்த சோறு

உயிரோடு இருக்கும் என் அக்காவின் பெயரில் நினைவு அன்னதானம் கொடுத்தவன் நான். அது கவனக்குறைவு. தெரிந்தே செய்த தவறு வேறு. தீபாவளிக்கு அவளுக்குப் போக வேண்டிய சேலையை நிறுத்தி, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதைத் தர்மமாக்கி, கிடைத்த பாராட்டை நானே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் அப்பா இறந்தபோது அக்கா ஐந்தாம் வகுப்போடு நின்று தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போனாள். நான் படித்தேன். ஆசிரியராகி, பள்ளிக்கூட அதிபராக ஓய்வு பெற்று, மாத்தளை டவுனில் வீடும் கட்டிவிட்டேன். அவள் இன்னும் இரத்தோட்டைக்கு மேலே, நாங்கள் பிறந்த அதே தோட்டத் தொழிலாளர் லயத்தில்தான் இருக்கிறாள். என் முதல் சம்பளத்திலிருந்து ஒவ்வொரு தீபாவளிக்கும் அவளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்து வந்தேன். பண்டிகைக்கு முதல் நாள் அவள் பஸ்ஸில் வந்து வாங்கிக்கொண்டு போவாள்.

சில வருடங்களுக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் என் மகன் பண்டிகைப் பரிசாக எனக்கு ஒரு அட்டை அனுப்பினான். என் பெயரில் ஏதோ ஒரு நாட்டில் ஒரு ஏழைக் குடும்பத்துக்கு ஆடு வாங்கிக் கொடுத்திருப்பதாக அதில் எழுதியிருந்தது. முகம் தெரியாத அந்த ஆட்டை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்த தீபாவளிக்கு உறவினர் எவருக்கும் துணிமணி இல்லை, எல்லோர் பெயரிலும் தர்மம் என்று முடிவு செய்தேன்.

"மத்தவங்களுக்கு என்னமும் செய்யுங்க. அக்காவுக்குச் சேலைய மட்டும் நிப்பாட்டாதீங்க" என்றாள் என் மனைவி. அவளுக்கு ஒரு சிறு சொற்பொழிவு ஆற்றினேன்.

நாலந்தா போகும் பாதையில் இருந்த ஒரு முதியோர் இல்லத்துக்குப் போனேன். அங்கே சாப்பாடு கொடுப்பவர்கள் பெரும்பாலும் இறந்தவர்களின் திதிக்காகத்தான் கொடுப்பார்கள். படிவம் எழுதிய பெண், "நினைவு நாளுங்களா, பொறந்த நாளுங்களா?" என்று கேட்டாள். பத்துப் பேரின் பெயர்களை அவளிடம் கொடுத்துவிட்டு, "எல்லாம் ஒன்றுதானம்மா, போடுங்கள்" என்றேன். வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் கேள்வியை வாசித்துவிட்டு விடை எழுதுங்கள் என்று சொன்னவன் நான்.

பண்டிகைக்கு முதல் நாள் உறவினர் எல்லோரும் என் வீட்டு ஹாலில் இருந்தார்கள். இல்லம் தந்த அட்டைகளை உறையிலிட்டு ஆளுக்கொன்றாகக் கொடுத்தேன். அக்கா உறையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு நான் சேலைப் பையை எடுக்கப் போகிறேன் என்று நினைத்தோ என்னவோ, என் கையைப் பார்த்தாள். கடைசியில் அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

"தம்பி, நினைவாகன்னு போட்டிருக்கே. நான் எப்படா செத்தேன்?"

ஹாலே சிரித்தது. என் மைத்துனர் விடவில்லை. "மதினி, கருமாதிச் சோத்த முன்கூட்டியே போட்டுட்டாரு. இனி நீங்க தாராளமா போகலாம்."

அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். பிழையை விளக்கிவிட்டு, தானத்தின் மேன்மையைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். அவள் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, அட்டையை மறுபடியும் உறைக்குள் போட்டுக்கொண்டு, நான்கு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

பொங்கலுக்கு அவள் வரவில்லை. எங்கள் வீட்டு விசேஷம் ஒன்றுக்கும் வரவில்லை. போன் எடுத்தால், "நல்லாருக்கேன், வையி" என்பாள்.

காரணத்தைச் சந்தையிலிருந்து என் மனைவிதான் கொண்டு வந்தாள். லயத்தில் அக்காவுக்குப் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில், இருக்கும் பெண்ணை அங்கே கண்டிருக்கிறாள். தீபாவளியன்று லயத்துப் பெண்கள் ஒருவர் சேலையை ஒருவர் தொட்டுப் பார்த்து, யார் எடுத்தது என்று கேட்பது வழக்கம். பிறந்த வீட்டிலிருந்து சேலை வரவில்லை என்றால், அந்த வீட்டில் அவளுக்கு இனி யாரும் இல்லை என்று பொருள். அக்கா பெட்டியிலிருந்த பழைய சேலை ஒன்றைத் துவைத்து, மடித்து, முந்தானையில் புதுத்துணிக்கு வைப்பது போல மஞ்சள் வைத்து உடுத்தியிருக்கிறாள். தம்பி எடுத்தது என்றும் சொல்லியிருக்கிறாள். பார்த்தவர்களுக்குப் பழைய சேலை என்று தெரிந்திருந்தது. ஒருவரும் கேட்கவில்லையாம்.

"அந்தப் பொம்பள சொல்லும்போது எனக்கு எங்க மூஞ்சிய வைக்கிறதுன்னு தெரியல" என்றாள் மனைவி.

மறுநாளே ஒரு சேலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். அக்கா வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேலையைக் கையில் வாங்கவில்லை.

"தீவாளிச் சேல தீவாளிக்குத்தான் வரணும். இப்ப எதுக்கு? எனக்கு உடுக்க இல்லைன்னா ஒன்கிட்ட சொன்னேன்?"

"தப்புச் செஞ்சிட்டேன் அக்கா. மன்னிச்சிருங்க."

"நீ வாத்தியாரு. மன்னிப்பெல்லாம் இலக்கணமாச் சொல்லுவ." அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தர்மம் குடுத்தது தப்பில்லடா. அக்கா, இந்த வருசம் இப்படிச் செய்வமான்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா, நானே சேலைய வேணாம்னு சொல்லியிருப்பேன். அப்ப அது நான் குடுத்ததா இருந்திருக்கும். நீ என் கையில இருந்ததப் புடுங்கிக் குடுத்த."

பக்கத்தில் உட்கார்ந்து நானும் கீரை ஆய்ந்தேன். தண்டையும் சேர்த்து ஆய்கிறேன் என்று திட்டினாள். நான் புறப்படும்போது, "என் சோத்தத் தின்னவங்கள எனக்குக் காட்டு" என்றாள்.

அந்த வாரமே அழைத்துப் போனேன். அலுவலகத்தில் பதிவைத் திருத்தச் சொல்லி, என் பிழை என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். அக்கா அதற்குள் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். "என் கருமாதிச் சோத்த நானே சாப்பிட்டுப் பாக்குறேன்" என்று பக்கத்திலிருந்த கிழவிகளிடம் சொல்ல, அவர்கள் பருப்புக் கறியை இன்னும் கொஞ்சம் வைக்கச் சொல்லிச் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் அக்காவின் காதோரம், "சோறு எல்லாரும் கொண்டாறாங்க தங்கச்சி. பாயாசம் வந்து வந்து ஒடம்புல சீனி வருத்தம்தான் மிச்சம். நல்ல நாளைக்குப் புதுசு உடுத்தி எத்தன வருசமாச்சு" என்றாள்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே அடுத்த தீபாவளி எனக்குப் புரிந்துவிட்டது.

அந்தத் தீபாவளிக்கு நான் உறவினர் ஒவ்வொருவரையும் கேட்டேன். சிலர் தர்மத்துக்குச் சம்மதித்தார்கள். சிலர், "இல்ல மாமா, பிள்ளைகளுக்குச் சட்டைதான் வேணும்" என்றார்கள். சட்டையே எடுத்துக் கொடுத்தேன். அக்கா மட்டும் இரண்டும் வேண்டும் என்றாள். தன் சேலை தனக்கு வேண்டும். இல்லத்திலிருந்த பதினொரு பெண்களுக்கும் தன் பெயரில் சேலை வேண்டும், அதுவும் தானே பார்த்து எடுக்க வேண்டும். மாத்தளைக் கடை ஒன்றில் அரை நாள் உட்கார்ந்து, கடைக்காரரைத் தமிழிலும் சிங்களத்திலும் கடிந்து, பதினொன்றையும் பொறுக்கினாள். இல்லத்தில் ஒருத்தி, பச்சை தனக்கு ஆகாது, சிவப்பு வேண்டும் என்று சண்டை பிடித்தாள். அக்காவுக்கு அதில் வந்த சந்தோஷத்தை நான் வேறு எதிலும் கண்டதில்லை. "பாத்தியா, இன்னும் ரோசம் போகல" என்று என் காதில் சொன்னாள்.

அன்று அவள் லயத்துக்குத் திரும்பவில்லை. எங்கள் வீட்டில் தங்கினாள். தீபாவளி விடியற்காலையில் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து, வீட்டுக்கு மூத்தவள் என்ற உரிமையோடு என்னைப் பலகையில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெயைக் கொட்டினாள்.

"இங்க இருந்த முடியெல்லாம் எங்கடா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தின்னுட்டாங்க அக்கா."

"தின்னட்டும். குனி."

கொழுந்து பறித்துத் தடித்த விரல்கள். அவள் அழுத்தித் தேய்க்கத் தேய்க்க, எழுபத்திரண்டு வயதில் நான் இன்னும் ஒருத்திக்குத் தம்பியாக இருக்கிறேன் என்ற நன்றியோடு தலையைக் குனிந்து கொடுத்தேன்.