ஒழுகிய எழுத்து

கல்லூரியில் எடுக்கும் பேய்ப்படத்துக்குத் தலைப்பு எழுதி எடுத்துவந்தாள் பேத்தி. சிவப்பு எழுத்துகளிலிருந்து ரத்தம் ஒழுகியது. அந்தத் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

ஐம்பதுகளில், ராயபுரத்தில், எனக்கு ஏழு வயது. பெயிண்டரான என் நைனா, பழைய கிடங்கின் விரிசல் விட்ட சுவரில் 'அபாயம்' என்று எழுதிக்கொண்டிருந்தார். கஞ்சித் தூக்கோடு போய்க் கூப்பிட்டேன். டர்பன்டைன் வாசனையோடு வந்து உட்கார்ந்தவர், திரும்பிச் சுவரைப் பார்த்தார்.

"பெயிண்ட் ஒழுவி கலீஜா கீது கண்ணு. தொட்ச்சிட்டு வந்துடறேன், நீ இங்கியே இரு."

துணியோடு போய்த் துடைத்தார். சுவர் அப்படியே அவர்மேல் சரிந்தது. ஆட்கள் ஓடிவந்து கல்லை அகற்றியபோது நைனாவுக்கு உயிர் இல்லை. அதுவரை நான் அவர் சொன்ன இடத்திலேயே நின்றேன்.

"பாத்தா பயமா இருக்கா?" என்று பேத்தி ஆசையோடு கேட்டாள்.

"இருக்கும்மா" என்றேன்.