ருசி பார்த்த விரல்

என் அக்காவைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே பாராட்டைத்தான் சொன்னார்கள்: "உங்களுக்கு வயசே ஆகலையே!" அவளும் அத்தானும் நடத்திய பேக்கரியின் கண்ணாடி அலமாரிக்குப் பின்னால் நின்றுகொண்டு அவளும் சிரித்துவைப்பாள். நெற்றியில் சுருக்கம் கிடையாது, கன்னத்தில் மடிப்பு கிடையாது. என்ன பூசுகிறாள் என்று என்னிடம் ரகசியமாக விசாரித்தவர்களும் உண்டு. அவள் எதையும் பூசவில்லை. தோல் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அது ஒரு நோய் என்று எங்களுக்குப் புரிய ரொம்ப நாளாயிற்று.

முதலில் விரல்கள். பச்சைத் தண்ணீரில் கை வைத்தால் நுனியெல்லாம் வெளுத்துப்போகும். மோதிரம் கழலவில்லை. பிறகு வாய் சுருங்கியது. தான் செய்த பன்னைத் தானே கடிக்க முடியாமல் பிய்த்துப் பிய்த்துத் தின்றாள். மாவு பிசைகிறவளுக்கு விரல் மடங்காவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது? "வேலை ஜாஸ்தி, வேற ஒண்ணுமில்ல" என்றே சாதித்தாள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கத் தொடங்கியதும் நான் அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். நிஜமாகவே கையைப் பிடித்துத்தான் இழுத்தேன். அவள் வராமல் அடம்பிடித்ததைத் தெருவே பார்த்தது.

உடம்பைக் காக்க வேண்டிய வெள்ளணுக்கள் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே தாக்குகின்றன என்றார்கள். தோலில் ஆரம்பித்து நுரையீரல்வரை வந்துவிட்டது. மாத்திரை, ஊசி, டிரிப்ஸ் எல்லாம் பார்த்தாயிற்று. எதற்கும் அது அசைந்து கொடுக்கவில்லை. கடைசியில் டாக்டரம்மா மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். அக்கா, அத்தான், நான்.

"உங்க ரத்தத்துல இருந்தே ஸ்டெம் செல்லைப் பிரிச்சு எடுத்து உறைய வச்சுக்குவோம். புது ரத்தம் அதுல இருந்துதான் உருவாகும். அப்புறம் கடுமையான மருந்து குடுத்து, இப்ப உங்களையே தாக்குற அணுக்களைத் துடைச்சு எடுத்துருவோம். எடுத்து வச்சதை உங்களுக்கே திரும்ப ஏத்துவோம். அது புதுசா வளரும். வளர்றவரைக்கும் உங்க உடம்புல எதிர்ப்பு சக்தியே இருக்காது. ஆபத்து அந்த இடைவெளியிலதான். அதைத் தாண்டாதவங்களும் இருக்காங்க."

"செய்யாம விட்டா?" என்றாள் அக்கா.

"நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா இறுகிட்டே போகும்."

அத்தான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. அவர்கள் குடித்தனத்தில் பேச்சும் மாவும் அக்காவுடையவை, அடுப்பு அவருடையது. அவள் அடுப்புப் பக்கம் போகமாட்டாள், அவர் மாவைத் தொடமாட்டார். அவர்களுக்குள் சண்டை வராததற்கு அதுதான் காரணம் என்று நான் கேலி செய்வதுண்டு.

வெளியே வந்ததும் அக்கா சொன்னாள்: "இது நம்ம தாய்மாவு மாதிரிதாங்க. கெட்டுப்போனதைக் கொட்டிட்டு, பாத்திரத்தைக் கழுவி, எடுத்து வச்ச உருண்டையைப் போட்டா மறுபடி பொங்குதுல்ல?"

தாய்மாவு என்பது அவர்கள் ரொட்டிக்கு உயிர். ஒவ்வொரு நாளும் புளித்த மாவில் ஒரு பிடியை எடுத்து வைத்து, அதற்குப் புது மாவும் தண்ணீரும் கொடுத்து, மறுநாள் மாவைப் பொங்கவைப்பது. கல்யாணமான புதிதில் அக்கா உண்டாக்கியது அது. கடையில் விற்கிற ஈஸ்டைக் கையால்கூடத் தொடமாட்டாள். அடுத்த முறை போனபோது டாக்டரம்மாவிடமே கேட்டாள்: "உறைய வச்சா பாதி செத்துருமே டாக்டர்? மாவு அப்படித்தான் ஆகும்." டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதுக்கு ஒரு மருந்து சேர்ப்போம்மா. கொஞ்சம் சாகும், தேவையானது பிழைச்சுக்கும்." அக்காவுக்குத் தைரியம் வந்துவிட்டது. அந்த மாவுக் கணக்கு அதோடு நின்றிருக்கலாம்.

ஸ்டெம் செல்லை எடுத்தார்கள், உறைய வைத்தார்கள். அக்காவைத் தனி அறையில் சேர்த்தார்கள். அந்த அறைக்கு இரண்டு கதவுகள். நடுவில் கை கழுவும் தொட்டி, மேலங்கி, முகமூடி. பூ கூடாது, பழம் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது. மருந்து ஏற ஏற முடி கொத்துக் கொத்தாக வந்தது, வாயெல்லாம் புண்ணானது. பிறகு ஒருநாள் அவளுடைய அணுக்களை ஒரு சிறிய பையில் கொண்டுவந்து, ரத்தம் ஏற்றுவதுபோலவே ஏற்றினார்கள். நான் என்னவோ பெரிதாக நடக்கும் என்று கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றேன். சீக்கிரமே முடிந்துவிட்டது. இனி அது எலும்புக்குள் போய் ஊன்றவேண்டும், அதுவரை காத்திருக்கவேண்டும் என்றார் நர்ஸ்.

பேக்கரியில் அத்தான் திண்டாடிக்கொண்டிருந்தார். தாய்மாவை அக்கா அவர் கையில்தான் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தாள். அவர் அடுப்புக்காரர், எதற்கும் சூடுதான் மருந்து என்று நம்புகிறவர். மாவுக்குக் குளிருமே என்று டப்பாவை அடுப்போரம் வைத்திருக்கிறார். ரொட்டி சப்பையாக வந்தது. மாவில் ஏதோ ஒரு கார நெடி. போனில் அக்காவிடம் வர்ணித்துப் பார்த்தார். "வாடை எப்படி இருக்குன்னு சரியாச் சொல்லுங்க" என்று அவள் கேட்க, "ஒரு மாதிரி இருக்கு" என்பதற்கு மேல் அவருக்கு வரவில்லை. "நேர்ல மோந்து பாத்தாத்தான் தெரியும், கொண்டு வாங்க" என்றாள் அவள்.

அவர் கொண்டுபோனார்.

இதை நான் பிறகுதான் அறிந்தேன். ஒரு சின்ன டப்பாவில் மாவைப் போட்டு, டப்பாவின் வெளிப்புறத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிருமிநாசினி தடவி, புது உறையில் சுற்றி, மேலங்கிக்குள் மறைத்து எடுத்துப் போயிருக்கிறார். கிருமி வெளியில்தான் இருக்கும் என்று நினைத்திருக்கிறார். உள்ளே இருப்பது மாவு, அது வீட்டு ஆள் மாதிரி. நாள் முழுக்க மாவிலேயே கிடக்கிறவர்களுக்கு அது எப்படி அழுக்காகத் தோன்றும்? அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. மூடியைத் திறந்து மோந்து பார்த்தவள், இத்தனை வருஷப் பழக்கத்தில் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டாள். வாய்ப்புண்ணில் பட்டு எரிந்ததாம். "அடுப்புப் பக்கத்துல வச்சீங்களா? நல்லாத் தெரியுது" என்றாளாம். அத்தான் அன்று வீட்டுக்குச் சிரித்த முகமாக வந்தார். மாவின் கோளாறு பிடிபட்டுவிட்டது என்று மட்டும் சொன்னார்.

அடுத்து காய்ச்சல் வந்தது. உடம்பு தூக்கிப் போட்டது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போனது. டாக்டரம்மா வராந்தாவுக்கு வந்து எங்களிடம் கேட்டார்: "வெளியில இருந்து ஏதாவது உள்ள போச்சா? பேஷண்ட் எதுவும் போகலைங்கிறாங்க. ரத்தத்துல என்ன கிருமின்னு லேப்ல முளைச்சுத் தெரிய நாளாகும். தெரிஞ்சா இப்பவே அதுக்கான மருந்தை ஆரம்பிக்கலாம்."

நான் முந்திக்கொண்டேன். "இவரா? செருப்பைக்கூடக் கழுவிட்டு வர்ற மனுஷன் டாக்டர் இவரு."

அத்தான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே அவள் அவருக்காகப் பொய் சொல்லியிருந்தாள். அவரும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் அந்தப் பொய் நின்றிருக்கும், அவள்தான் நின்றிருக்கமாட்டாள்.

"மாவு கொண்டு வந்தேன்" என்றார். "புளிச்ச மாவு. ருசி பாத்தா."

டாக்டரம்மா திட்டவில்லை. திரும்பி ஓட்டமும் நடையுமாக உள்ளே போனார். திட்டுகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன். "கொன்னுட்டீங்களே" என்றேன். வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அந்த வார்த்தையை நான் இன்றுவரை திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. அவர் உண்மையைச் சொன்னதால்தான் என் அக்கா பிழைத்தாள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டையும் ஒரே மனதில்தான் வைத்திருக்கிறேன்.

ரத்தத்தில் முளைத்தது, தாய்மாவில் தானாக வளர்ந்து ரொட்டியைப் பொங்கவைக்கிற அதே ஈஸ்ட்தான். அதற்கான மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்தது. அவளை வேறு அறைக்கு மாற்றி மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அத்தான் வீட்டுக்குப் போய்த் தாய்மாவைச் சாக்கடையில் கொட்டி, டப்பாவில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி, கடையைப் பூட்டிவிட்டு வந்தார். அதற்குப் பிறகு கண்ணாடிக்கு வெளியேதான் நின்றார். போகலாம் என்று நர்ஸ் சொன்னபோதும் உள்ளே போகவில்லை. அவர் தோள் குலுங்குவதைப் பார்த்தும் நான் பக்கத்தில் போகவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

பிறகு ஒரு காலை, வெள்ளணு தென்படுகிறது என்றார்கள். கொஞ்சம்தான். மறுநாள் இன்னும் கொஞ்சம். அவளுடைய அணுக்கள் ஊன்றிவிட்டன. கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா முதலில் கேட்டது தாய்மாவைத்தான். "கொட்டிட்டேன்" என்றார் அத்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காய்ச்சலில்கூட அழாதவள் அதற்கு அழுதாள். எனக்கு எரிச்சலாக வந்தது. அத்தான் இப்போது கடை ஈஸ்டில்தான் ரொட்டி போடுகிறார். வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. இதை அக்காவிடம் சொல்ல எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் இல்லை.

அவள் பேக்கரிப் பக்கம் போகக்கூடாது என்று டாக்டரம்மாவின் உத்தரவு. அத்தான் அதை இன்னும் நீட்டித் தன்மேலும் போட்டுக்கொண்டார். வேறு அறையில் படுத்தார். கையுறை போடாமல் அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்ததில்லை. தட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். "என்னை விஷம்னு நெனைக்கிறீங்களா, உங்களையா?" என்று அவள் ஒருமுறை கத்தினாள். அவர் கையுறையை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டார். மாதக்கணக்கில் இப்படியே ஓடியது.

பரிசோதனைக்குப் போன ஒரு நாள். நுரையீரல் அப்படியே இருக்கிறது, மேலும் கெடவில்லை என்றார் டாக்டரம்மா. போன மூச்சு திரும்பாது, இருக்கிற மூச்சு குறையாது. பிறகு அக்காவின் முன்கையைப் பிடித்துத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கினார். தோல் மடிந்து எழும்பியது. மரப்பலகையாக இருந்த கை அது. "பாருங்க" என்றார். "இளகுது."

அத்தான் கதவோரம் கையுறையோடு நின்றுகொண்டிருந்தார். அக்கா எழுந்து அவரிடம் போனாள். வளைந்துபோன விரல்களால் அவருடைய கையுறையைப் பிடித்து இழுத்தாள். சட்டென்று கழலவில்லை. உதவப் போன என்னைக் கண்ணாலேயே தடுத்தாள். ஒரு கை வந்ததும் தன் முன்கையை நீட்டினாள்.

"கிள்ளுங்க."

அவர் டாக்டரம்மாவைப் பார்த்தார். "டாக்டரைக் கேக்காதீங்க, நான் சொல்றேன்ல. கிள்ளுங்க."

அவர் தொட்டார். பயந்து பயந்து தோலைப் பிடித்தார். பிறகு, விட்டால் போய்விடுவாளோ என்பதுபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வலிக்குதுங்க" என்றாள் அக்கா. அவர் பதறிக் கையை எடுக்கப் போனார். அவள் விடவில்லை. "வலிக்கட்டும், எடுக்காதீங்க" என்றாள்.