எட்டாம் எண் போத்தல்: பெம்பானிலிருந்து பத்து பெரண்டாமுக்கு

எங்கள் தோட்டத்துக் கழிவுக் குளத்தில் வாழும் கிருமிகள் மேல் இருந்த அக்கறை, அந்தக் குளத்தருகே குடியிருந்த எங்கள் மேல் யாருக்கும் இல்லை. 1997இல் கண்ணால் பார்த்தேன். தண்ணீரை எடுத்துக்கொண்டு ஆய்வுக்கூடம் போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று வழியையும் சேர்த்து எழுதுகிறேன்.

மலேசியாவில், மலாக்கா மாநிலத்துப் பெம்பான் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். ஆலைக் கழிவுக் குளத்துக்கும் குடிநீர்க் கிணற்றுக்கும் இடையே முப்பது அடிதான். பத்து பெரண்டாம் என்ற ஊரில் செயற்கைக்கோள் ஆய்வுக்கூடம் ஒன்று இருந்தது. விண்வெளியில் கிருமிகள் பிழைக்குமா என்று அவர்கள் ஒரு சிறிய செயற்கைக்கோளில் வைத்துப் பார்க்கப் போகிறார்களாம். அமிலம் கலந்த குளத்திலேயே வாழும் கிருமி அங்கேயும் தாக்குப்பிடிக்கும் என்று, குளத்து நீரை எட்டுப் போத்தலில் கேட்டார்கள்.

நிரப்பும் வேலையைத் தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி, ஆலையில் வேலை செய்த பார்வதி அக்காவிடம் கொடுத்தார். அக்காவின் இரண்டு வயது மகளுக்கு மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு. கிணற்றைச் சோதிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர், எட்டாவது போத்தலில் மட்டும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிவிட்டார்.

"எப்படியும் பாப்பாங்க இல்ல? என்னா இருக்குன்னு சொல்லுவாங்கதான்லா" என்றார் என்னிடம்.

இரண்டு மாதமாகியும் தகவல் இல்லை. ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம். பெம்பானில் காலை 8.10 பஸ், மலாக்காவுக்கு டிக்கெட் ஒரு வெள்ளி அறுபது காசு. அங்கிருந்து 9.15க்கு பத்து பெரண்டாம் பஸ், எழுபது காசு, ஏறக்குறைய பத்து கிலோமீட்டர். செட்டலைட் ஆப்பீஸ் எங்கே என்று டிரைவரிடம் கேட்டேன்.

"ரோக்கெட்லயா ஏறப் போறீங்க? இங்க எல்லாத்துக்கும் எழுபது காசுதான்லா" என்றார். தொழிற்சாலைகளைத் தாண்டி இறக்கிவிட்டார். அங்கிருந்து பத்து நிமிட நடை.

கவுண்டரில் ஒரு தமிழ் உதவியாளர். எட்டாம் போத்தலைப் பற்றி அக்கா கேட்டார்.

"எட்டாம் நம்பரா? அதுதான்கா சூப்பர்! காய வெச்சோம், காத்தே இல்லாத பெட்டியில அடைச்சோம், கிருமி சாகவே மாட்டேங்குது. மேல அனுப்ப எடுத்தாச்சு."

"அப்ப குடிக்கலாமா தம்பி?" என்றார் அக்கா.

அவர் சிரித்தார். "கொளத்துத் தண்ணிய யாருக்கா குடிப்பா?"

"நாங்கதான் குடிக்கிறோம். அது கெணத்துத் தண்ணி."

சிரிப்பு நின்றது. கோப்பின் தாள்களைப் புரட்டினார். "பொழைக்குமான்னுதான் பாத்தோம். நோய் குடுக்குமான்னு பாக்கல. ரெண்டும் வேறக்கா. ஒன்னும் செய்யாத கிருமியாகூட இருக்கலாம்."

"எம்மவளுக்கு இதனாலயா, இல்லையா?"

"தெரியாதுக்கா. அது சுகாதார இலாகா வேலை."

சுகாதார இலாகாவோ, தோட்ட நிர்வாகம் கேட்டால்தான் வருவோம் என்று முன்பே சொல்லியிருந்தது. காற்றில்லாத இடத்தில் சாகாதது கொதிக்க வைத்தால் சாகுமா? தெரிந்துகொள்ளத்தான் போனோம். போகும்போது இருந்ததைவிடக் குழம்பித் திரும்பினோம். பஸ்ஸில் அக்கா, வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீரை எடுத்தார். அதுவும் அதே கிணறுதான். மூடியைத் திறந்தார், குடிக்காமல் மூடினார்.

போகிறவர்கள் சனிக்கிழமை என்றால் 12.45க்குள் போய்விடுங்கள், அன்று அரை நாள்தான். சாப்பிட்டுவிட்டுப் போங்கள், பக்கத்தில் கடை இல்லை. அதே தண்ணீரில் இன்னொரு போத்தலை உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். கேள்வியை எழுத்தில் கொடுங்கள்.

நாங்களும் அன்று கிளம்புமுன் கவுண்டரில் கொடுத்தோம். அக்கா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்கள். நகல் இன்னும் என்னிடம் இருக்கிறது, பதில் வரவேயில்லை. கடிதம் முழுக்க ஒரே வரிதான்:

"எட்டாம் எண் போத்தலில் இருப்பதை என் பிள்ளைக்குக் கொடுக்கலாமா, கூடாதா? சொல்லுங்கள்."