மூணாவது கம்பியும் எங்க வூட்டுப் பாப்பாவும்

லேத்துப் பட்டறையில இரும்பு எங்கே வெட்டும்னு கண்ணுக்குத் தெரியும். கரண்டு எங்கே கடிக்கும்னு கடிச்ச பிறகுதான் தெரியும். அந்தப் பட்டறையையும் சமையல்கட்டை ஒட்டியே வச்சிக்கினு, நடக்கப் பழகின பிள்ளையையும் வச்சிக்கினு இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சா, என்னோட சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்க.

எங்களுது நைனார்பாளையம். வூட்டுக்காரருக்கு வெல்டிங், எனக்கு லேத்து. கல்யாணமானப்புறம் அவர்கிட்டதான் கத்துக்கிட்டேன். வாங்கின பழைய லேத்துக்கு மூணு பேஸ் கரண்டு வேணும். எங்க தெருக்கோடிக்கு வர்றதோ ஒரே பேஸ். அந்த ஒண்ணை மூணாக்கித் தர்ற கன்வெர்ட்டரைத் தேடி அலைஞ்சதுல எனக்கு ஒரே கவலைதான்: எதைக் கொண்டாந்து வச்சாலும் அது பாப்பாவை ஒண்ணும் பண்ணக்கூடாது.

பம்புசெட் வைத்தியம்

எங்க ஊர்ப்பக்கம் நிலத்துல ஒரு பேஸ் போயிடுச்சுன்னா யாரும் மோட்டாரை நிறுத்தமாட்டாங்க. கண்டன்சர் பெட்டி ஒண்ணைச் சேர்த்து, மீதி ரெண்டு பேஸ்ல தண்ணி இறைப்பாங்க. "அதே பெட்டி லேத்தையும் ஓட்டாதா இன்னா?"ன்னு வூட்டுக்காரர், என் மாமனார் கொல்லைப் பம்புசெட்டுல இருந்ததைக் கழட்டிக்கினு வந்துட்டார். நிலத்துல ரெண்டு பேஸாவது இருக்கு, வூட்டுல ஒண்ணுதானே இருக்குன்னு எங்க ரெண்டு பேருக்குமே தோணலை.

அன்னைக்குக் கல்வராயன் மலைப்பக்கம் இருட்டிக்கினு வந்தது, வோல்டேஜும் கம்மி. மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏத்துற ஏழுமலை அண்ணன் டிரெய்லர் அச்சுக்கு நான் கடைஞ்சி தர்ற புஷ்ஷுக்காகக் காத்துக்கினு நின்னார். சுவிட்சைப் போட்டேன். மோட்டார் சுத்தலை, உர்ர்ருன்னு உறுமுது. எரிஞ்ச வார்னிஷ் நாத்தம். அப்புறம் புகை. தொட்டில்ல தூங்கின பாப்பாவைத் துணியோட வாரிக்கினு தெருவுக்கு ஓடினேன். சுவிட்சை அணைச்சது ஏழுமலை அண்ணன்தான். கண்ணைத் துடைச்சிக்கினே வெளியே வந்து கேட்டார்:

"ஏம்மா, புஷ்ஷு கேட்டா புகை போடுறியே?"

பொண்ணு பார்க்கிற மாதிரி

கருகின மோட்டாரைத் தூக்கிக்கினு கள்ளக்குறிச்சியில காயில் கட்டுற பாய் கடைக்குப் போனோம். பாய் பொறுமையா ரெண்டு வழி சொன்னார். ஒண்ணு, எலெக்ட்ரானிக் பெட்டி: சின்னது, சத்தமில்லாதது, ஆனா ஒரு மிஷினுக்கு ஒரு பெட்டி. இன்னொண்ணு ரோட்டரி: பெரிய மோட்டார் ஒண்ணை வேலையே கொடுக்காமச் சும்மா சுத்தவிட்டா, மூணாவது கம்பிக்கு வேண்டிய கரண்டை அது உண்டாக்கும். லேத்தும் ஓடும், டிரில்லிங் மிஷினும் ஓடும். லேத்து மோட்டாரைவிட அது பெருசா இருக்கணும், லேத்து மோட்டார்லயும் கனெக்‌ஷனை மாத்திக் கட்டணும், அவ்வளவுதான்னார்.

எனக்கு அவ்வளவோட விடலை. அது சூடாகுமா? திடீர்னு நின்னா இன்னா ஆகும்? பாடியில கரண்டு ஏறுமா? எர்த்து எங்கே அடிக்கணும்? பிள்ளை தூக்கத்துல பயப்படுற மாதிரி கத்துமா? ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்ன பாய், கடைசியில என் வூட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்துட்டு என்கிட்ட கேட்டார்:

"இத்தினி கேள்வி மாப்பிள்ளை பாக்கசொல்லக் கேட்டியாம்மா?"

கயிறு

ரோட்டரியே வந்தது. அதைக் கிளப்பிவிடத் தனியா ஒரு ஸ்டார்ட்டிங் கண்டன்சர் வேணும். அது அடுத்த வாரம்தான் வரும்னார் பாய். அதுவரைக்கும் சும்மா இருக்க முடியுமா? ஆயில் இன்ஜினுக்குச் சுத்துற மாதிரி புல்லியில கயிறு சுத்தினார் வூட்டுக்காரர். மறுமுனையை உள்ளங்கையில சுத்திக்கினார். "வேணாங்க, கையில சுத்தாதீங்க"ன்னேன். "நீ சுவிட்சைப் போடு."

போட்டேன். அவர் இழுத்தார். மோட்டார் பிடிச்சிக்கிச்சு, கயிறையும் பிடிச்சிக்கிச்சு. ஒரு சொடுக்கு. அவர் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம். இடுப்புல இருந்த பாப்பாவோட முகத்தை என் தோள்ல அமுக்கிக்கினு நானும் கண்ணை மூடிக்கினேன். விரல் எத்தனை மிச்சம்னு பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. மோட்டார் மட்டும் ஜம்முனு ஓடிக்கினு இருந்தது. கொஞ்ச நேரம் கழிச்சி அவர் குரல் கேட்டது:

"கை இருக்குது செல்வி. நீ கண்ணைத் தொற."

ஆயுத பூஜை

கண்டன்சர் வந்தது. பட்டறை ஒழுங்கா ஓடிச்சு. ஆயுத பூஜை அன்னைக்கும் காலையில ஏழுமலை அண்ணன் வேலையை முடிச்சிட்டுத்தான் மெயினை அணைச்சோம். ஸ்பேனர்ல இருந்து வெல்டிங் மிஷின் வரைக்கும் கழுவித் துடைச்சி, சந்தனம் குங்குமம் வச்சோம். கன்வெர்ட்டர் புதுசாச்சே, வெளியே மட்டும் வச்சா போதுமா? கண்டன்சர் இருக்கிற பெட்டியோட மூடியையும் கழட்டினார் வூட்டுக்காரர், உள்ள இருக்கிறதுக்கும் பொட்டு வைக்கணும்னு.

பாப்பா பித்தளைக் கிண்ணத்துல சந்தனத்தை வச்சிக்கினு, எல்லாத்துக்கும் பொட்டு வச்சிக்கினே வந்தா. திறந்த பெட்டிகிட்ட போனா. ஈரவிரல் கண்டன்சரோட ரெண்டு முனைக்கு நேரா நீளுது. "ஐயோ, பாப்பாவைப் பிடிங்க"ன்னு கத்தினேன். "விடு செல்வி, எல்லாம் ஆஃப்ல கெடக்குது. அணைஞ்ச அடுப்புக்கும் பயப்படுவியா?"ன்னு சிரிச்சார் அவர். பயந்தேன். பாய்ஞ்சி இடுப்போட தூக்கினேன். அவ கையில இருந்த கிண்ணம் நழுவி அந்த ரெண்டு முனை மேலேயே விழுந்தது.

பட்டுனு ஒரு வெடி. நீலமா ஒரு வெளிச்சம். கிண்ணத்தோட விளிம்புல ஒரு துண்டைக் காணோம். கரண்டை அணைச்சாலும் கண்டன்சர் தனக்குள்ள பிடிச்சி வச்சிருக்கும்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. வூட்டுக்காரர் முகத்துல ரத்தமில்லை. கிண்ணம் போச்சேன்னு அழுத பாப்பாவோட விரல் ஒவ்வொண்ணையும் தடவித் தடவிப் பார்த்துக்கினு இருந்தேன். பொரி வாங்க வந்து நின்ன ஏழுமலை அண்ணன்தான் முதல்ல வாயைத் திறந்தார்:

"பூஜையும் ஆச்சு, வெடியும் போட்டாச்சு. இனிமே பொட்டியைப் பூட்டிட்டுப் பொரியைக் குடும்மா."

இப்போ பாய், அணைச்சதும் உள்ள இருக்கிற கரண்டு வடிஞ்சிடற மாதிரி ஒரு ரெசிஸ்டர் போட்டுக் கொடுத்திருக்கார். ஆனாலும் எந்தக் கன்வெர்ட்டர் வாங்கலாம்னு கேக்கிறவங்களுக்கு நான் சொல்றது, ஸ்டூல் போட்டு ஏறி, பூட்டைத் திறந்து, வூட்டுக்காரரைத் திட்டிக்கினே தொட வேண்டிய உயரத்துல பெட்டியை மாட்டுற எதுவா இருந்தாலும் நல்ல கன்வெர்ட்டர்தான்.