முதல் மரக்கால்

“...லாபம்னா என்னன்னு சந்தைக்கு வர்ற ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். உமக்குத் தெரியாதாவே?”

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் குமாஸ்தாவைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் சங்கரன்கோவில் சந்தையே திரும்பிப் பார்த்தது. ஒல்லியான உடம்பு, முழங்கை வரை சோளத் தூசி. யுத்தகாலம், சர்க்காருக்குச் சோளம் அளந்து கொடுக்க வந்திருந்தோம். எங்கள் பக்கத்தில் தானியம் அளக்கும்போது ‘ஒன்று’ என்று தொடங்க மாட்டோம்; முதல் மரக்காலை ‘லாபம்’ என்போம். அப்படித்தான் அவரும் பத்து மரக்கால் அளந்தார். வெளியூர்க் குமாஸ்தாவோ ஒன்பது என்று எழுதிக்கொண்டு, இன்னொரு மரக்கால் கேட்டார்.

“ஒண்ணுன்னு நீங்க சொல்லவே இல்லியேம்மா. ரெண்டுலேர்ந்து பத்து வரைக்கும் ஒன்பதுதானே?”

எனக்கே ரத்தம் கொதித்தது. மழையில்லாத வருஷத்தில் ஒரு மரக்கால் சோளம் என்பது பிள்ளைகளின் கஞ்சி அல்லவா! ஆனாலும் அரசாங்கத்தோடு மல்லுக்கட்ட முடியுமா?

“ஒண்ணுன்னு ஒரு வார்த்த சொல்லித் தொலையேன் தாயீ,” என்றேன்.

“மாட்டேன் அண்ணாச்சி. லாபம்னு ஆரம்பிச்சாத்தான் வெள்ளாம வீடு வந்து சேரும்.”

அளந்த சோளத்தையெல்லாம் மறுபடி சாக்கில் வாரிப் போட்டார். முதல் மரக்காலைத் தலைதட்டி அள்ளி, குமாஸ்தாவின் மேசை மேலேயே கொட்டி, “லாபம்!” என்றார். குமாஸ்தா ஒன்று என்று எழுதும்வரை அடுத்த மரக்காலை அள்ளவே இல்லை.