பலூன் வெடிக்காத வாரம்

அந்தச் சலவை ஆலையில் அவளை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. கேப்டன்தான். ஆஸ்பத்திரிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்பு, துண்டு, நோயாளிச் சட்டை எல்லாவற்றையும் பிரித்துப் போடும் அறைக்கு அவள்தான் தலைவி. வாய் என்றால் அப்படி ஒரு வாய். மெஷின் ஓட்டுகிற ஆம்பிளைகள்கூட அவளிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ள மாட்டார்கள். அம்மா போன பிறகு தங்கையை அவள்தான் வளர்த்தாள். தன் அறையிலேயே வேலைக்கும் சேர்த்துவிட்டாள்.

முன்பெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி என்றால் ஒருவர் விதிகளைப் படிப்பார், மற்றவர்கள் தூங்கி வழிவார்கள். புதிதாக வந்த பாதுகாப்பு அதிகாரி அதை விளையாட்டாக மாற்றினார். சாப்பாட்டு அறையில் டிவி, மேஜையில் பஸ்ஸர். கேள்வி விழுந்ததும் யார் முதலில் அமுக்குகிறார்களோ அவர்கள் அணிக்கு மார்க். "ஊசி குத்தினால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டு முடிப்பதற்குள் கேப்டன் அமுக்கிவிடுவாள். "கழுவணும், உடனே சொல்லணும், ஆஸ்பத்திரிக்குப் போகணும்!" அறையே கைதட்டும்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லையே! டிவியில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு பலூன். காயமில்லாத நாளெல்லாம் அது மேலே ஏறும். யாராவது அடிபட்டதாகச் சொன்னால் எல்லார் முன்னாலும் டப்பென்று வெடிக்கும். சனிக்கிழமை எது உச்சியில் இருக்கிறதோ, அந்த அணிக்குப் பெரிய மின்விசிறி. ஜன்னலே இல்லாத அறையில் நாளெல்லாம் வெந்துகொண்டிருந்தவர்களுக்கு அது போதாதா? தேய்க்கும் பிரிவுக்காரர்களோ, "உங்க பலூன்ல காத்து நிக்காது கேப்டன்" என்று வேறு சீண்டிக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் தங்கை சுருக்கென்று கையை இழுத்தாள். விரிப்பின் மடிப்பில் ஓர் ஊசி. கையுறைக்குள் ரத்தம்.

"அக்கா, போய்ச் சொல்லட்டுமா?"

கேப்டன் வாசலைப் பார்த்தாள். யாரும் இல்லை.

"அடியே, ஒரு பொட்டு ரத்தம். நாளைக்கு ஒரு நாள்தான். சோப்பு போட்டுக் கழுவிட்டு வா."

"டிவில வேற மாதிரி..."

"அது டிவிக்கு. பேசாம இருடி. உன்னால எல்லாரும் வேகணுமா?"

தங்கை கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி விரிப்பைப் பிரித்தாள். அக்கா சொல்லை அவள் என்றைக்குத் தட்டியிருக்கிறாள்?

மின்விசிறி வந்தது. தங்கை அதன் முன்னால் நின்று முடி பறக்கச் சிரித்தாள். சில வாரம் கழித்து அவளே, "அதை நிறுத்துக்கா, குளிருது" என்றாள். நெற்றி கொதித்தது. கேப்டன் அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சோதனை முடிவைப் பார்த்த டாக்டரம்மா எச்.ஐ.வி. என்றார். "மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டா நல்லா வாழலாம்மா. ஆனா ஆயுசுக்கும் சாப்பிடணும். ஊசி ஏதாவது குத்துச்சா? அன்னைக்கே வந்திருந்தா தடுக்க மருந்து இருக்கே!"

கேப்டன் வாயைத் திறப்பதற்குள் தங்கை முந்திக்கொண்டாள்.

"குத்துனதே தெரியல டாக்டர். கையுறை போட்டிருந்தேனா, கவனிக்கல."

"பொய்," என்றாள் கேப்டன். "நான்தான் சொல்ல வேணாம்னேன். நான்தான் டாக்டர்." அந்த வாயிலிருந்து அதற்கு மேல் அழுகைதான் வந்தது, நாலு பேர் பார்க்கிற இடம் என்றுகூட இல்லாமல்.

வீட்டுக்கு வந்து சோறு போட்டாள். தங்கை தட்டோடு எழுந்து, எட்டிப் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள்.

"என்னடி இது?"

"எனக்குத் தனித் தட்டு எடுத்து வச்சிடுக்கா. உனக்கு ஒண்ணுன்னா என்னை யாரு பாத்துப்பா?"

சாப்பாட்டில் தொற்றாது என்று டாக்டரம்மா படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். தங்கை காதில் எதுவும் ஏறவில்லை போலிருக்கிறது. கேப்டன் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் தட்டில் கைவைத்து, பிசைந்த சோற்றிலிருந்து ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள்.

மென்றாள். விழுங்க முடியவில்லை.